தகட்டில் மூன்று கோடு

தொம்மையிடம் யாரும் கை நீட்ட மாட்டார்கள். நீட்டினாலும் அவர் பிடிக்க மாட்டார். காலையில் வெள்ளைப் பருத்திக் கையுறையை மாட்டினால், சாயங்காலம் சங்கு ஊதுகிறவரை அது அவர் கையில்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு மட்டும் கழற்றுவார். அப்போதும் பக்கத்தில் ஆள் இருக்காது. பேட்டையைத் தாண்டி சேரன்மகாதேவி சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், அவருடைய கொட்டகை கடைசியாக, உடைமரக் காட்டை ஒட்டி இருந்தது. வாசலில் தரையோடு ஒரு மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டிக் கால் வைத்தவன் அன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்வான்.

"தகட்டைத் தொடாதீய, தகட்டைத் தொடாதீயன்னு தறிகெட்டுக் கத்துதாரு. தகடு என்ன சமஞ்ச பிள்ளையா?" என்பார் ஃபோர்மேன் பூதத்தான். அவர் வாய் அப்படி. மனசில் ஒன்றும் இருக்காது. ஆனால் அவரும் கோட்டுக்கு வெளியே நின்றுதான் இதைச் சொல்வார்.

தொம்மையின் வேலையைச் சொல்லாமல் தொம்மையைச் சொல்ல முடியாது. தொண்ணூற்றைந்தாம் வருஷம் முதலாளி சிவசங்கரன் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு ஒரு பெட்டி செய்து தர ஒப்புக்கொண்டிருந்தார். அந்தக் கம்பெனிக்காரர்கள் சின்ன கேஸ் டர்பைன் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். கரண்டு போகிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலும் ஓட்டிக்கொள்ளலாம்; ஒரு மாட்டுவண்டியில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் அளவு. சின்ன டர்பைனில் ஒரு தொல்லை உண்டு. எரித்த சூட்டில் பெரும்பங்கு புகையோடு வெளியே போய்விடும். அந்தச் சூட்டைப் பிடித்து, உள்ளே வருகிற காற்றுக்கு ஏற்றிவிட்டால் எரிபொருள் பாதிக்குப் பாதி மிச்சம். பிடித்து ஏற்றுகிற வேலைதான் பெட்டிக்கு. பெட்டி முழுக்க மடிப்பு மடிப்பாய்த் தகடுகள். தகட்டுக்கு இந்தப் பக்கம் கொதிக்கிற புகை, அந்தப் பக்கம் காற்று. தகடு தடித்தால் பெட்டியும் பெருத்துவிடும். அதனால் கல்யாணப் பத்திரிகையைவிட மெல்லிசான தகடாகப் பார்த்து அடுக்க வேண்டும்.

மெல்லிசாக இருப்பதில்தான் வினையே. நம் வீட்டு எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் அதிலுள்ள குரோமியம். சூட்டில் அது மேலே வந்து, பாலில் ஆடை படிகிற மாதிரி ஓர் ஏடு கட்டிக்கொள்ளும். ஏடு இருக்கிறவரை உள்ளேயிருக்கிற இரும்புக்குப் பயமில்லை. ஏடு கிழிந்தால் உள்ளிருந்து இன்னும் கொஞ்சம் குரோமியம் வந்து ஒட்டுப்போடும். தடித்த தகட்டில் அது வந்துகொண்டே இருக்கும். இந்த மெல்லிசுக்குள் எவ்வளவு இருந்துவிடப்போகிறது? தீர்ந்தால் துரு, துருவுக்குப் பிறகு ஓட்டை. கை வேர்வையின் உப்பு பட்ட இடத்தில் ஏடு இன்னும் சீக்கிரம் கிழியும்; கையுறை அதற்குத்தான்.

சாதாரண எவர்சில்வர் புகையின் ஈரத்தில் சில மாதங்களில் உதிர்ந்துபோனது. வெளிநாட்டு நிக்கல் கலவை தாங்கும். அதன் விலையை முதலாளி தாங்க மாட்டார். தொம்மை இரண்டுக்கும் நடுவே ஒரு வழி கண்டார். நிக்கலையும் குரோமியத்தையும் கொஞ்சம் கூட்டி, நியோபியம் என்கிற உலோகத்தில் ஒரு சிட்டிகை சேர்த்து ஒரு கலவை. வடக்கே ஓர் ஆலையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை உருக்கித் தகடாக இழுத்துக் கொண்டுவந்தார்கள். இதில் செய்த பெட்டி சோதனையில் தேறினால் கலவை பிழைக்கும். தேறாவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு வயலுக்குப் பம்பு செய்யப் போவதாக முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தொம்மைக்கு அப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இன்னொரு கலவை செய்து பார்க்க இன்னொரு ஆயுசு இல்லை.

அவர் உவரிக்காரர், கடற்கரைக் கிறிஸ்தவர். வள்ளத்தில் ஏறாமல் பள்ளிக்கூடம் ஏறிய பையன். திருச்சியில் உலோகவியல் படித்து, வடக்கே ஒரு பெரிய உருக்காலையில் காலத்தைக் கழித்தவர். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் ஏதோ ஓர் உலை எரிந்துகொண்டிருந்தது, அணைத்துவிட்டு வர முடியவில்லை. இப்படித்தான் அவர் சொல்வார். உலைமேல் பழி போடுவது சுலபம். அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு உடம்பு முடியவில்லை என்று திருநெல்வேலிப் பக்கம் வேலை தேடி வந்தார். வந்த வருஷமே அம்மா போய்விட்டாள். அதன்பிறகு எப்போதாவது உவரிக்குப் போனால் தம்பி வீட்டில் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். பிறந்த வீட்டில் நாற்காலி போட்டால் என்ன அர்த்தம்? விருந்தாளி என்று அர்த்தம். மீனைத் தின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் பாளையங்கோட்டை மாடியறைக்குத் திரும்பிவிடுவார்.

இந்த நிலைமையில்தான் ஸ்டோர் ரூமுக்குப் பிரம்மநாயகி வேலைக்கு வந்தாள். புருஷன் இறந்து, பிருந்தா என்று பத்தாவது படிக்கிற மகளோடு டவுனில் குடியிருந்தவள். நெற்றியில் எப்போதும் திருநீறு. மூன்று கோடும் அளவுகோல் வைத்து இழுத்த மாதிரி இருக்கும். வாராவாரம் புதுக் கையுறைக் கட்டை எடுத்துக்கொண்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். மற்றவர்களைப் போல எறிந்துவிட்டுப் போக மாட்டாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு என்ன சாப்பாடு?"

"ஓட்டல் சாப்பாடுதான்."

"தெனமும் ஓட்டல் சாம்பாரா? வயிறு என்னத்துக்கு ஆகும்?"

இவ்வளவுதான் பேச்சு. இதற்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் தொம்மை கையுறைக் கட்டு வருகிற நாளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார். அதை ஆசை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். இன்றைக்கு என்ன சாப்பிட்டாய் என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறது என்பதே அவருக்குப் பெரிதாக இருந்தது.

ஆயுத பூசை வந்தது. வழக்கமாக அன்றைக்குக் கொட்டகையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லீவில் போய்விடுவார். அந்த வருஷம் அம்மாவின் நினைவு நாளும் அதே சமயத்தில் வந்ததால் உவரிக்குக் கிளம்பினார். முந்தின நாள் நாயகி வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, சாவியைக் குடுத்துட்டுப் போறியளா? எல்லா மிஷினுக்கும் பொட்டு வைக்காவ. ஒங்க கொட்டகை மட்டும் வருசா வருசம் இருட்டா கெடக்குதாம். பாவமா இருக்கு. நான் சுத்தமா கூட்டி, வெளக்கேத்தி வைக்கேன்."

தொம்மை சாவியைக் கொடுத்தார். அங்கேதான் அவர் தவறினார். வந்தவன் போனவனிடமெல்லாம் தொண்டை கிழியச் சொன்ன 'தகட்டைத் தொடாதீய' என்ற வார்த்தையை அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. நினைவு இல்லாமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. இவ்வளவு பிரியமாகக் கேட்கிறவளிடம் போய் அதைத் தொடாதே இதைத் தொடாதே என்று சொல்ல மனசு வரவில்லை.

உவரியிலிருந்து திரும்பியபோது கொட்டகை பளிச்சென்று இருந்தது. உலைக் கதவில் சந்தனமும் குங்குமமும். நிலையில் மாவிலை. மேசைமேல் ஒரு பொட்டலம். பிரித்தால் பொரி, கடலை, ஒரு வாழைப்பழம், காய்ந்துபோன சுண்டல். இந்தத் தொழிற்சாலையில் அவருக்கென்று ஒரு பங்கு எடுத்து வைத்தவர்கள் அதுவரை யாரும் இல்லை. பொரி நமத்துப் போயிருந்தது. கடைசி மணிவரை தின்றார்.

பெட்டி, தகடெல்லாம் பற்றவைத்துக் கழுவித் துடைத்து, வெள்ளைத் துணி மூடி மேசையில் தயாராக இருந்தது. துணியை விலக்கிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. உறைக்குள் இறக்கி மூடி வெல்டிங் வைத்து, சோதனைக்கு அனுப்பினார்.

ஐப்பசி மழையில் தொடங்கிய சோதனை தை கடந்தும் ஓடியது. கேஸை எரித்து அந்தப் புகையை இராப்பகலாகப் பெட்டிக்குள் விட்டார்கள். பெங்களூர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். முதலாளி, "என்னவே தொம்மை, ஒம்ம கலவை நின்னுட்டு போலுக்கே!" என்று முதுகில் தட்டினார். அடுத்த வாரமே காற்றின் அழுத்தம் இறங்கியது. பெட்டி எங்கேயோ ஒழுகுகிறது. தொழிற்சாலை முழுவதும் செய்தி பரவ ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மறுநாள் மத்தியானம் தொம்மை தனியாக உட்கார்ந்து உறையை அறுத்துத் திறந்தார். புகை படுகிற முதல் தகட்டைக் கண்டதும் கை நின்றுவிட்டது. தகடு முழுவதும் நல்ல ஏடு, நீலமும் பழுப்புமாக, ஒரு கீறல் இல்லாமல். நடுவில் மட்டும் துரு. மூன்று கோடு, இடைவெளி பிசகாமல் நேர்நேராக. அதன் கீழே வட்டமாய் ஒரு பொட்டு. கோடு போன வழியெல்லாம் தகடு வீங்கி, ஊசி குத்திய மாதிரி ஓட்டை.

அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பலில் உப்பு உண்டு. நெற்றிக்கு அது ஒன்றும் செய்யாது. சிவந்து கொதிக்கிற தகட்டில் பட்டால் ஏட்டைத் தின்றுவிடும். அதுவும் தண்ணீரில் குழைத்துப் பூசிய திருநீறு. பூசினவள், ஐயோ அண்ணாச்சி கோபப்படுவாரே என்று பிற்பாடு முந்தானையால் துடைத்துவிட்டிருக்க வேண்டும். தூள் போய்விட்டது. உப்பு போகவில்லை.

தொம்மைக்கு முதலில் வந்தது சந்தோஷம். கலவை தோற்கவில்லை! திருநீறு படாத இடமெல்லாம் கல் மாதிரி நிற்கிறது. இதை மேசைமேல் வைத்தால் போதும், கலவை பிழைத்தது. அடுத்த நிமிஷமே தகட்டைத் துணியால் மூடினார். வைத்தால் அடுத்த கேள்வி என்ன? பூசினது யார்? கொட்டகைச் சாவி ஒரே ஒரு ஆளிடம்தான் போனது. முதலாளி நல்ல மனுஷர்தான். ஆனால் பெங்களூர்க்காரர்கள் முன்னால் தலைகுனிந்த ஆத்திரத்தில் ஸ்டோர் ரூம்காரியை அன்றைக்கே வெளியே அனுப்புவார். தகட்டை வைக்காவிட்டால் அவள் தப்புவாள். கலவை செத்தது, கொட்டகையும் மூடியது. எழுந்து உலையைச் சுற்றி நடந்தார். யோசனை கேட்க யாராவது இருந்தால் கேட்டிருப்பார். உடைமரத்தில் காகம் ஒன்று கத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் முதலாளி அறையில் பெங்களூர்க்காரர் ஒருவரும் பூதத்தானும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டாக் கணக்கைச் சொல்ல நாயகியையும் வரச்சொல்லியிருந்தார்கள்; அவள் கதவோரம் நின்றாள்.

"கலவை ஊத்திக்கிட்டு, அவ்வளவுதானே?" என்றார் முதலாளி.

தொம்மை தகட்டை மேசைமேல் வைத்தார். ஏன் இப்படி ஆனது என்று சொன்னார். பெங்களூர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மற்ற இடம் அருமையாக இருக்கிறதே" என்று இரண்டு தடவை சொன்னார்.

முதலாளி முகம் சிவந்தது. "ஏலே பூதத்தான், யாருலே இதுல திருநீறு பூசினது?"

கதவோரம் நின்ற நாயகியின் முகத்தைத் தொம்மை பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல முடியாது.

"நாந்தான்" என்றார்.

முதலாளி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"நீரா? வேதக்காரரு நீரு... திருநீறு பூசினீரா?"

"எல்லா மிஷினுக்கும் பூசுவாவ. நம்ம பெட்டியும் தேறணும்னு ஒரு ஆசை. உவரிக்குப் போற அவசரத்துல பூசி, பொறவு தொடச்சிட்டேன். தப்புதான்."

பூதத்தான்தான் முதலில் சிரித்தார். பிறகு முதலாளி சிரித்தார். என்ன சிரிக்கிறார்கள் என்று புரியாமல் பெங்களூர்க்காரரும் சிரித்தார். "படிச்ச மனுசன் செய்யுத வேலையாவே இது? சரி, சாமி காரியம், விடும். மிச்சத் தகட்டுல இன்னொரு பெட்டி போடும். இனி அந்தக் கோட்டைத் தாண்டி எவனும் போகக்கூடாது. நீரும் தகட்டுல ஒண்ணும் பூசக்கூடாது" என்று முதலாளி முடித்துவிட்டார். நாயகி வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? வீட்டில் பத்தாவது படிக்கிற பெண் இருக்கிறது.

அன்றையிலிருந்து அவருக்குத் 'திருநீறு தொம்மை' என்று பெயர். வாசலில் சைக்கிள் விடுகிறவன்வரை அப்படித்தான் கூப்பிட்டான். அவர் கோபப்படவில்லை. கூப்பிடவாவது ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நாயகி வருவது நின்றுபோனது. கையுறைக் கட்டு மஞ்சள் கோட்டுக்கு வெளியே ஒரு கூடையில் கிடக்கும். எப்போது வைத்தாள், எப்போது போனாள் என்று தெரியாது. வழியில் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்குவாள். தொம்மை ஓட்டல் சாம்பாரைத் தின்றார். என்ன சாப்பிட்டீர் என்று கேட்க ஆளில்லை. அவளைக் காப்பாற்றப் போய் அவளையே இழந்துவிட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது.

ஆனி மாதம் அவள் ஒரு நாள் நேராக வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, முதலாளியோட வள்ளியூர்க் கடைக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேன். அங்கன எங்க அக்கா இருக்கா. நாளையிலேருந்து அங்கதான்."

"நல்லது."

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு எதுக்கு அண்ணாச்சி அப்பிடிச் சொன்னிய? நான் வாயில மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி நின்னேனே. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு ஒங்க முன்னால எப்பிடி வருவேன்?"

தொம்மைக்குச் சொல்ல ஒன்று இருந்தது. ஒரு பொரிப் பொட்டலத்துக்காக என்று சொல்லியிருக்கலாம். உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். கலவை நாசமாகப் போனால் போகட்டும் என்றுகூட ஒரு நொடி அன்றைக்கு நினைத்தார். நினைத்த எதையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகாத மனுஷர்.

"கலவை நல்ல கலவைம்மா. பேச்சு வளந்தா அதைக் கவனிக்க மாட்டாவ. அதைக் காப்பாத்தணும்லா? அதான்."

அவள் நம்பிவிட்டாள். முகத்தில் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது. "அப்பம் சரி. நான்கூட என்னமோ நெனச்சேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள். உடைமர நிழலைத் தாண்டி அவள் திரும்புகிறவரை தொம்மை பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது பெட்டி தேறியது. சோதனை முடிந்து திறந்து பார்த்தபோது ஒரு புள்ளி துரு இல்லை. பெங்களூருக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். முதலாளி எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார். தொம்மையின் பங்கைப் பூதத்தான் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டுக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஆயுத பூசைக்குத் தொம்மை லீவு போடவில்லை. எல்லாக் கொட்டகையிலும் மணிச் சத்தம் கேட்டது. பூதத்தான் திருநீற்றுத் தட்டோடு வந்து கோட்டுக்கு வெளியே நின்றார்.

"என்ன திருநீறு தொம்மை, இந்த வருசம் பூசலையா?" என்று கேலியாகக் கேட்டார்.

"குடும்" என்று தொம்மை தட்டை வாங்கினார். வலது கையுறையைக் கழற்றினார். திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து, மூன்று விரலில் தொட்டு, உலையின் வெளிக்கதவில் இழுத்தார். தடித்த வார்ப்பிரும்பு, உலை அன்றைக்கு அணைந்து குளிர்ந்திருந்தது. சொன்ன பொய்யை ஒரு தடவையாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

ஆனால் வாழ்நாளில் பூசிப் பழகாத கை. ஒரு கோடு மேலே ஏறியது. ஒன்று பாதியில் திட்டாய் நின்றது. மூன்றாவது வழிந்து இறங்கியது.

பூதத்தான் சிரிக்க வாயெடுத்தார். "என்னவே இது, கோழி கிண்டினாப்புல! அன்னைக்குத் தகட்டுல கம்பி இழுத்த மாதிரி..."

பேச்சு அங்கேயே நின்றது. கதவைப் பார்த்தார். தொம்மையைப் பார்த்தார். பிறகு பூட்டிக் கிடந்த ஸ்டோர் ரூம் பக்கம் பார்த்தார்.

"கை நடுங்குது, பூதத்தான்" என்றார் தொம்மை.

"ஆமா. வயசாகுதுல்லா" என்றார் பூதத்தான் பைய. அதன்பிறகு அந்தப் பட்டப்பெயரை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. மடியிலிருந்து ஒரு பொரிப் பொட்டலத்தை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, அடுத்த கொட்டகைக்குப் போய்விட்டார்.

தொம்மை கையுறையை மாட்டாமலே பொட்டலத்தைப் பிரித்தார். இந்த வருஷம் பொரி நமத்துப் போகவில்லை, மொறுமொறுவென்று இருந்தது. கதவிலிருந்த கோணல் கோடுகளை நாயகி பார்த்திருந்தால் சிரித்திருப்பாள், துடைத்துவிட்டு நேராகப் பூசியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வள்ளியூருக்கு நினைத்தால் பஸ் ஏறலாம். போய் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை.